கூரையடியில் ஓடும் கம்பி: எங்கள் வீட்டு மின்கம்பிகளை மாற்றிக் கொடுத்த கடையைப் பற்றி

சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸில் உள்ள எங்கள் வரிசைவீட்டின் மேல்மாடிக்கு மின்கம்பிகளை முழுவதும் மாற்றி முடித்திருக்கிறோம். வேலையை எடுத்துச் செய்தது ஜாலான் புசார் பக்கம் இருக்கும் ஒரு சிறிய மின்கடை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர், அவருடன் வேலை பார்க்கும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவர், கடை அவ்வளவுதான். கையில் இருக்கும் வேலையே போதும், பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். ஆனால் அவர் வேலை செய்த முறையை விரிவாகவே எழுதப்போகிறேன். ஓட்டுக்கூரைக்குக் கீழே கம்பி ஓடும் பழைய தரைவீட்டில் இருப்பவர்கள், யாரை வைத்து வேலை செய்தாலும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எனக்கு அவர் வேலையில் முழுத் திருப்தி. சில குறைகளும் உண்டு, பிறகு சொல்கிறேன். மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தோம். இவர் சொன்னது நடு விலை. இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: விலை சொல்வதற்கு முன் கூரையடிக்குள் ஏறிப் பார்த்தவர் இவர் மட்டும்தான்.

மற்ற இருவரும் கூடத்தில் நின்றபடியே கணக்குப் போட்டார்கள். ஏர்கான் எத்தனை, ஹீட்டர் எத்தனை, பிளக் பாயின்ட் எத்தனை என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் அனுப்பிய பட்டியலில் எல்லா ஏர்கானுக்கும் சேர்த்து ஒரே வரி: 2.5 கம்பி (இது கம்பியின் தடிமன் அளவு, பிறகு விளக்குகிறேன்), 20 ஆம்பியர் பிரேக்கர், அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச். அந்தக் கம்பி எந்த வழியாகப் போகும் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. சுவருக்குள் போனாலும் கூரைக்கடியில் போனாலும் ஒரே கம்பிதான் என்று அவரே தொலைபேசியில் சொன்னார். அது சரியல்ல. ஏன் சரியல்ல என்பதுதான் இந்த எழுத்தின் பாதி.

இவரோ தொலைபேசியிலேயே முதலில் கேட்டது, “அக்கா, சீலிங்கில் ஏறிப் பார்க்க மூடி இருக்கா?” என்றுதான். இருக்கிறது, காலையில் வாருங்கள் என்றேன். “காலையில் வந்தா ஒண்ணும் தெரியாது. வெயில் நல்லா ஏறினப்புறம் மூணு மணிக்கு வர்றேன்” என்றார். நான் ஒரு உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அளக்க வேண்டிய நேரத்தில் அளக்கத் தெரிந்த ஆளைக் கண்டால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும்.

சொன்னபடியே மூன்று மணிக்கு வந்தார். மேல்மாடி நடையில் ஏணி போட்டு, மூடியைத் தூக்கி, ஒரு சிறிய வெப்பமானியின் முனையைக் கூரையடியில் தொங்கவிட்டுவிட்டுக் கீழே இறங்கி, மற்ற அறைகளைப் பார்க்கப் போனார். கால் மணி நேரம் கழித்துப் படித்தபோது 51 பாகை செல்சியஸ். என்னுடைய வெப்பமானியையும் கொடுத்தேன், அதிலும் ஏறக்குறைய அதுவேதான். வெளியே நிழலில் 33. சிங்கப்பூரில் இதுவரை பதிவான அதிக வெப்பநிலையே 37.0 பாகைதான், 1983 ஏப்ரலில் தெங்காவிலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும். ஆனால் கம்பி இருப்பது வானிலை நிலையத்தின் நிழலில் இல்லையே. ஓடு நாள் முழுக்க வெயில் வாங்கி, அந்தச் சூட்டை உள்ளே இறக்குகிறது. காற்று வெளியேற வழியும் குறைவு. கம்பியைப் பொறுத்தவரை அதன் ஊர் 51 பாகைதான்.

அப்புறம் தம்பி உள்ளே ஊர்ந்துபோய்ப் பழைய கம்பி ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்தார். சிவப்பும் கறுப்பும். 2009க்குப் பிறகு இங்கே பழுப்பும் நீலமும் என்று நிறம் மாறிவிட்டது. ஆக அது எங்களுக்கு முன் இருந்தவர்கள் காலத்துக் கம்பி. எலக்ட்ரீஷியன் அதை விரலில் வளைத்துக் காட்டினார். மேலுறை விறைத்துப்போய், வளைவில் பொடிப்பொடியாக வெடித்தது. அதே கம்பி சுவருக்குள் இறங்கிய பகுதியிலிருந்து இன்னொரு துண்டு வெட்டினார். அது இன்னும் நெகிழ்வாக இருந்தது. ஒரே நாளில் இழுத்த, ஒரே மின்னோட்டம் போன ஒரே கம்பி. வேறுபாடு, ஒரு பாதி கூரையடியில் கிடந்தது என்பது மட்டும்தான். காப்புப்பொருளின் வெப்பம் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கையில் அந்த இரண்டு துண்டுகளையும் வைத்துக்கொண்டு பார்த்தபோது அதற்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். கம்பியின் அளவு என்று சொல்வது அதன் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். கடையில் எல்லோரும் வெறும் 2.5, 4, 6 என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். சாதாரண பிவிசி உறை போட்ட கம்பியின் செம்பு 70 பாகை வரை சூடாகலாம், அதற்கு மேல் கூடாது. இந்தக் கம்பி இத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணையில் போட்டிருப்பது, சுற்றியுள்ள காற்று 30 பாகை என்று வைத்துக்கொண்டு போட்ட எண். சுவரோடு ஒட்டிய குழாயில் தனியாக ஓடும் ஒற்றைக் கட்டக் (சிங்கிள் பேஸ்) கம்பிக்கு 2.5 என்றால் 24 ஆம்பியர், 4 என்றால் 32, 6 என்றால் 41, 10 என்றால் 57.

30 பாகைக் காற்றில் கம்பிக்கு 40 பாகை சூடேற இடம் இருக்கிறது. 50 பாகைக் காற்றில் 20 பாகைதான் இடம். சூடேற இருக்கும் இடம் பாதியானால் மின்னோட்டமும் பாதியாக வேண்டும் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் பாதியின் வர்க்கமூலம், அதாவது 0.71 மடங்குதான் அனுமதி. 60 பாகையில் இடம் 10தான், கால் பங்கு. கால் பங்கின் வர்க்கமூலம் 0.50. அட்டவணையில் இருக்கும் எண்களும் இவையேதான்: 35 பாகைக்கு 0.94, 40க்கு 0.87, 45க்கு 0.79, 50க்கு 0.71, 55க்கு 0.61, 60க்கு 0.50. பல ஆண்டுகள் மாணவர்கள் இந்த வர்க்க விதியை ஆய்வுக்கூடத்தில் கம்பிச்சுருளை வைத்துச் செய்து பார்ப்பதற்கு நான் மேசை தயார் செய்து கொடுத்திருக்கிறேன். என் வீட்டுக் கூரைக்குள் அது இப்படி வேலை செய்துகொண்டிருப்பதைக் கண்டபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது அந்த ஒருவரி விலைப்பட்டியலைப் பாருங்கள். 2.5 கம்பி, 24 ஆம்பியர். 50 பாகையில் 0.71ஆல் பெருக்கினால் 17 ஆம்பியர். அதன் முன்னால் 20 ஆம்பியர் பிரேக்கர். அதாவது கம்பிக்கு 17தான் தாங்கும், பிரேக்கரோ 20 வரை தாராளமாக விடும். 20இல் கூட உடனே விழாது. வீட்டுக்குப் போடும் எம்சிபி என்ற இந்தச் சிறு பிரேக்கருக்கான தரப்படி, அதன் அளவைப்போல் 1.13 மடங்கு வரை, அதாவது 22.6 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கான 29 ஆம்பியரில்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும்.

இந்த இடத்தில் எலக்ட்ரீஷியன் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் மனதில் நின்றது. “பிரேக்கர் வாசல் பக்கத்தில் மாடிப்படிக்கடியில குளுகுளுன்னு உட்கார்ந்திருக்கு அக்கா. மேல கம்பி வேகுறது அதுக்கு எப்படித் தெரியும்?” பிரேக்கர் மின்னோட்டத்தைத்தான் பார்க்கும், கூரையடியின் சூட்டைப் பார்க்காது. கம்பி மெல்ல மெல்ல வெந்து உறை வெடித்தாலும், மின்னோட்டம் அளவுக்குள் இருக்கும்வரை அது பேசாமல்தான் இருக்கும். பிரேக்கர் விழவில்லை, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். பெரும்பாலான வீடுகளில் இன்னும் அப்படித்தான் நம்புவார்கள்.

விதி எளிமையானதுதான்: சாதனம் இழுக்கும் மின்னோட்டத்தைவிடப் பிரேக்கர் பெரிதாக இருக்க வேண்டும், பிரேக்கரைவிடக் கம்பி பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் கம்பி எவ்வளவு தாங்கும் என்று கேட்கும்போது, அது போகும் வழியில் எங்கே மிகவும் சூடோ அங்கே எவ்வளவு தாங்கும் என்று கேட்க வேண்டும். மொத்த வழியில் நான்கு மீட்டர்தான் கூரையடி என்றாலும் அந்த நான்கு மீட்டர்தான் கணக்கு.

எங்கள் வீட்டில் பின்னறைக்கும் நடு அறைக்கும் இரண்டு ஏர்கான் கம்பிகள் கூரையடி வழியாகத்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. பின்னறையில் என் மாமியார் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நடுப்பகலில் ஏர்கான் ஓடும் அறை அது ஒன்றுதான். அதாவது கூரையடி அதிகமாகக் கொதிக்கும் நேரமும் அந்தக் கம்பியில் மின்னோட்டம் ஓடும் நேரமும் ஒன்றே. இரவில் மட்டும் ஓடும் ஏர்கானாக இருந்தால் கூரை ஆறியிருக்கும். இங்கே அந்த ஆறுதலும் இல்லை. இதை நான் சொல்வதற்கு முன்பே அவர் மாமியாரிடம், “பாட்டி, மத்தியானம் எத்தனை மணிக்குப் படுப்பீங்க?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இரண்டு கம்பிகளையும் ஒரே குழாயில் விடலாமா என்று என் கணவர் கேட்டார். விடலாம், ஆனால் ஒரு குழாயில் இரண்டு சுற்று (ஒரு பிரேக்கரிலிருந்து போகும் கம்பிகள் ஒரு சுற்று) சேர்ந்து ஓடினால் ஒன்றின் சூடு இன்னொன்றைத் தாக்கும், அதற்கு 0.80 மடங்கு. மூன்று சுற்றானால் 0.70. சூட்டுக்கும் நெருக்கத்துக்கும் இரண்டையும் பெருக்க வேண்டும். 4 கம்பிக்கு 50 பாகையில் 32 × 0.71 × 0.80 என்றால் 18 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் பிரேக்கருக்குப் போதாது. தனித்தனிக் குழாய் என்றால் 32 × 0.71, ஏறத்தாழ 22.7. போதும்.

நான் அதோடு சரி என்று சொல்லியிருப்பேன். அவர் விடவில்லை. இன்று வெளியே 33, உள்ளே 51. இதைவிடச் சூடான நாட்கள் வரும், ஆகவே 55 பாகை வரியை எடுப்போம் என்றார். 55இல் 0.61. 4 கம்பி 19.5 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது, அரை ஆம்பியர் குறை. 6 கம்பி என்றால் 41 × 0.61, அதாவது 25. இரண்டையும் ஒரே குழாயில் விட்டால் மீண்டும் 0.80ஆல் பெருக்கி 20, அதாவது விளிம்பில் நிற்கிறது. கடைசியில் முடிவானது, 6 கம்பி, இரண்டு குழாய், இடையில் ஒரு கை அகல இடைவெளி. அரை ஆம்பியருக்காகவா இவ்வளவு என்று சிலர் கேட்கலாம். எனக்கு அந்த அரை ஆம்பியரை அவர் விட்டுக்கொடுக்காததுதான் பிடித்தது. செலவும் பெரிதாகக் கூடவில்லை. இந்த மாதிரி வேலையில் பணம் போவது கூலிக்குத்தான். ஏணி போட்டு ஊர்ந்து இழுக்கும் உழைப்பு 4க்கும் 6க்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிரேக்கரை 16 ஆம்பியராகக் குறைத்தால் 4 கம்பியே போதுமே என்று என் கணவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அதுவும் சரியான வழிதான் என்று எலக்ட்ரீஷியன் ஒப்புக்கொண்டார், ஏர்கான் தயாரிப்பாளரின் குறிப்பேடு 16ஐ அனுமதித்தால். ஆனால் நாளை வேறு ஏர்கான் மாட்ட வருபவர், பெட்டியில் 20 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே என்று 16ஐக் கழற்றிவிட்டு 20ஐப் போட்டுவிட்டுப் போவார், மேலே என்ன கம்பி என்று பார்க்க மாட்டார். அதனால் கம்பியையே பெரிதாகப் போடுவோம் என்றார்.

வெப்பம் தாங்கும் கம்பி போடலாமே என்றும் கேட்டேன். எக்ஸ்எல்பிஇ என்ற, சூடு அதிகம் தாங்கும் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியின் செம்பு 90 பாகை வரை போகலாம், 55 பாகையில் அதற்குப் பெருக்கெண் 0.61 அல்ல, 0.76. ஆனால் கம்பியின் இரண்டு முனைகளும் போய்ச் சேரும் சுவிட்சும் பிரேக்கரும் பொதுவாக 70 பாகைக்குச் செய்தவை. கம்பி 90 தாங்குகிறதே என்று மின்னோட்டத்தை ஏற்றினால் முனையில் இருக்கும் சுவிட்ச் கருகும். ஆகவே அதைப் போட்டாலும் மின்னோட்டத்தைப் பிவிசி கணக்கிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், அப்போது உறைக்கு நீண்ட ஆயுள் கிடைக்கும். எங்கள் அளவுக்கு 6 பிவிசியே எளிது என்று முடிவு செய்தோம்.

இன்னொரு சங்கதி, இதை யாரும் முன்பு எங்களிடம் சொன்னதில்லை. அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று சீலிங் பலகையின் மேல் கண்ணாடிப் பஞ்சு விரித்திருக்கிறது. நல்ல விஷயம்தான், அறைக்கு. ஆனால் பழைய கம்பிகள் அந்தப் பஞ்சுக்குள் புதைந்து கிடந்தன. காய்ச்சல்காரருக்குக் கம்பளி போர்த்திய மாதிரி, கம்பியில் பிறக்கும் சூடு வெளியே போக முடியாது. பஞ்சு கம்பியைச் சுற்றி முழுதாக மூடி அரை மீட்டருக்கு மேல் ஓடினால் கம்பியின் திறனைப் பாதியாகவே கணக்கிட வேண்டும். 10 செண்டிமீட்டர் நீளம் மூடினாலே 0.78. பஞ்சுக்குள் முழுதாகப் புதைந்த 2.5 கம்பி காற்று 30 பாகையாக இருந்தாலே 12 ஆம்பியருக்கு இறங்கிவிடுகிறது. அதன்மேல் கூரையின் சூடும் சேர்ந்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். புதுக் குழாய்களை அவர் மரச்சட்டத்தின் பக்கவாட்டில் கவ்வி போட்டு, பஞ்சுக்கு மேலே காற்றில் நிற்கும்படி வைத்தார். விளக்குக் கம்பிகளையும் அப்படியே. விளக்குகள் எல்லாம் எல்இடி, மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனாலும் பஞ்சுக்குள் எதையும் விடவில்லை.

இவ்வளவு சொன்னதால் எல்லாவற்றுக்கும் தடித்த கம்பி போட்டார் என்று நினைக்க வேண்டாம். ஹீட்டருக்கு அவர் செய்தது இதைவிடக் கெட்டிக்காரத்தனம். மேல்மாடிக் குளியலறை ஹீட்டர் 3.3 கிலோவாட். 230 வோல்ட்டில் 14.3 ஆம்பியர். அதன் பழைய கம்பியும் கூரையடி வழியாகத்தான் போயிருந்தது. இவர் அதைக் கீழ்மாடிப் பொய்க்கூரை வழியாகக் கொண்டுபோய், குளியலறைக்கு நேர் கீழே சுவரில் ஏற்றிவிட்டார். கீழ்மாடிப் பொய்க்கூரைக்குள் மதியமும் 32 பாகைதான் காட்டியது. அந்த வழியில் 4 கம்பி தாராளம். வழி சில மீட்டர் நீண்டது, மொத்தம் 18 மீட்டர். நீளம் கூடினால் வோல்ட் குறையுமே என்று கேட்டதற்கு உடனே கணக்குப் போட்டுக் காட்டினார்: 4 கம்பியில் ஒரு ஆம்பியருக்கு ஒரு மீட்டருக்கு 11 மில்லிவோல்ட், ஆக 18 மீட்டரில் மூன்று வோல்ட்டுக்கும் குறைவு. ஒன்றும் இல்லை. சூட்டை எதிர்த்துக் கம்பியைத் தடிமனாக்குவதைவிட, முடிந்த இடத்தில் சூட்டை விட்டு விலகிப் போவதே மேல் என்பது அவர் வழக்கம். ஹீட்டருக்குள் நுழையும் கடைசித் துண்டுக்கு மட்டும் சிலிகோன் ரப்பர் உறை போட்ட கம்பி. அதன் உள்பெட்டி சூட்டில் சாதாரண பிவிசி விறைத்துவிடும்.

கீழ்மாடிச் சமையலறையில் ஒரே ஒரு பெரிய வேலைதான். 7.2 கிலோவாட் இண்டக்ஷன் அடுப்புக்குத் தனிச் சுற்று, 31.3 ஆம்பியர் இழுக்கும், 32 ஆம்பியர் பிரேக்கர். வழி முழுவதும் சுவரோடு ஒட்டிய குழாய், 40 பாகைக்குக் கணக்கிட்டாலும் 6 கம்பி 35.7 தாங்கும், சரி. இதே கம்பியைக் கூரையடி வழியாகக் கொண்டுபோயிருந்தால் 10 வேண்டியிருக்கும். கூடவே, ஓவனுக்குப் பின்னால் இருக்க வேண்டிய சுவிட்சைப் பக்கத்து அலமாரிக்குள் மாற்றி வைத்தார். ஓவனின் முதுகுச் சூடு அதன்மேல் படாது, அணைக்க வேண்டுமென்றால் ஓவனை வெளியே இழுக்கவும் வேண்டாம்.

வேலை முடிந்ததும் எல்லாச் சுற்றையும் 500 வோல்ட் கருவியால் காப்புச் சோதனை செய்தார் (உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பது), எண்களை என் முன்னாலேயே எழுதினார். ஒரு மெகாஓமுக்குக் கீழே போகக்கூடாது என்பது விதி, எங்களுடையது அதைவிடப் பல மடங்கு மேலே. பழைய கம்பியில் ஒரு சுற்றை ஒப்பிட்டுப் பார்க்க அளந்து காட்டச் சொன்னேன். மறுக்காமல் அளந்தார், விளிம்புக்குச் சற்று மேலேதான் நின்றது. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியையும் கருவி வைத்துச் சோதித்தார். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 1985 ஜூலையிலிருந்து புது வீடுகளுக்குக் கட்டாயம், பழைய வீடுகளுக்கும் 2025 ஜூலை 1க்குள் போட்டாக வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்திருந்தது. எங்கள் வீட்டில் அது முன்பே இருந்தது. உறை வெடித்த கம்பி எங்காவது தொட்டால் உயிரைக் காப்பது அதுதான், அதையும் மனதில் வையுங்கள்.

உரிமத்தைப் பற்றி ஒரு வரி. முதல் நாளே அட்டையை எடுத்துக் காட்டினார். ஆணையத்தின் இணையப்பக்கத்தில் பெயரைத் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். எலக்ட்ரீஷியன் வகை உரிமம் 45 கிலோவோல்ட்ஆம்பியர் மின்சுமை வரை செல்லும், சாதாரண வீட்டுக்கு அது போதும். இங்கே பின்பற்ற வேண்டிய விதிநூல் எஸ்எஸ் 638. முன்பு சிபி 5 என்று இருந்தது 2018இல் இந்தப் பெயருக்கு மாறியது. அட்டவணைகளைப் பார்த்தே பேசினார், மனக்கணக்காக எதையும் விடவில்லை.

இனிக் குறைகள். பகலில் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். கூரைக்குள் இருக்கும்போது எப்படி எடுப்பது என்பது நியாயம்தான், ஆனால் இரவு ஒன்பதுக்கு மேல்தான் பதில் வரும். ஒருநாள் வருவதாகச் சொல்லிவிட்டு, அன்று காலையில்தான் வர முடியாது என்று செய்தி அனுப்பினார். நாங்கள் பின்னறையைக் காலி செய்து மாமியாரைக் கீழே படுக்கவைத்திருந்தோம், அது சிரமமாகிவிட்டது. கண்ணாடிப் பஞ்சைத் தள்ளும்போது பொடி கீழே கொட்டும். கட்டிலின்மேல் துணி விரித்தார்கள், ஆனால் அலமாரியை மூடவில்லை. துணிகளை எல்லாம் மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் அன்றைக்கு வெளியே போய்விடுவது நல்லது. சுவரில் வெட்டிய இடத்தைச் சிமெண்டால் அடைப்பதோடு சரி, பூச்சும் வண்ணமும் நம் பொறுப்பு. இதை விலைப்பட்டியலிலேயே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. பிரேக்கர் பெட்டியில் எந்தச் சுற்று எந்த அறைக்கு என்று பென்சிலால் எழுதியிருந்தார். நான் கேட்டபிறகு அச்சடித்த ஒட்டுச்சீட்டு போட்டுக் கொடுத்தார், கூடவே கூரையடியில் குழாய் போகும் வழியை ஒரு தாளில் வரைந்தும் கொடுத்தார். கேட்காதவர்களுக்கு அது கிடைக்காது. கேட்டு வாங்குங்கள், அடுத்து ஏணி ஏறுபவருக்கு அது பெரிய உதவி.

தம்பியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அந்த 51 பாகைக்குள் படுத்தபடி வேலை செய்தவர் அவர்தான். எலக்ட்ரீஷியன் அவரைக் காலை ஏழிலிருந்து பதினொன்று வரைதான் மேலே அனுப்பினார், அதற்குப் பிறகு கீழ்வேலை. வேலை அதனால் நீண்டது. நீண்டால் நீளட்டும் என்றுதான் நாங்களும் சொன்னோம். மாமியார் தினமும் மோர் கரைத்து வைத்துக் காத்திருப்பார். ஆட்களை இப்படி நடத்தும் கடைக்கு நான் கூடுதலாகவே மதிப்பெண் கொடுப்பேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் தங்கை, எங்களுக்கு இந்தக் கவலை இல்லையே என்றாள். கூரையடி இல்லை, உண்மைதான். ஆனால் ஏர்கான் வெளிப்பெட்டிக்குப் போகும் குழாய் மேற்குச் சுவரில் நேர் வெயிலில் இருந்தால் அதற்கும் இதே கணக்கு. பொய்க்கூரைக்குள் நான்கைந்து சுற்றுகளை ஒரே கட்டாகக் கட்டிப் போட்டிருந்தால் நெருக்கத்துக்கான பெருக்கெண் 0.65, 0.60 என்று இறங்கும். அவள் வீட்டில் துணி காயப்போடும் சேவை முற்றத்துச் சுவர் பிற்பகல் முழுக்க வெயில் வாங்குகிறது. அடுத்த மாதம் இவரையே வரச் சொல்லியிருக்கிறாள், அதுவும் நான்கு மணிக்கு.

இவரைத் தேடிப் பிடிக்க முடியாதவர்கள், நீங்கள் கூப்பிடும் ஆளிடம் இவற்றைக் கேளுங்கள்: கம்பி எந்த வழியாகப் போகும், அந்த வழியில் மிகச் சூடான இடம் எது, அந்த இடத்துக்கு எத்தனை பாகை என்று வைத்துக் கணக்கிட்டீர்கள், ஒரு குழாயில் எத்தனை சுற்று. பதிலை விலைப்பட்டியலில் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பியின் அளவும் குழாயின் எண்ணிக்கையும் அதில் தனித்தனியாக வர வேண்டும். கூரைக்கடியில் மூடி எங்கே இருக்கிறது என்று நீங்களும் முன்கூட்டியே பார்த்து, அதன் கீழே இருக்கும் அலமாரியை நகர்த்தி வைத்துவிடுங்கள். சந்திப்பைப் பிற்பகல் இரண்டிலிருந்து நான்குக்குள், மழை இல்லாத நாளாகப் பார்த்து வையுங்கள்.